வெர்லீன் விற்ற மெல்லிய முள்

ப்யூயல் என்பவரின் மீன்பிடி சாமான் கடையில் பின்சுவர் முழுக்கத் தூண்டில் முட்கள். தரையிலிருந்து கூரைவரை ஆணியடித்து, ஆணிக்கு ஒரு பொட்டலமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மேபன் ஏரிக்கு மீன் பிடிக்க வரும் ஆண்கள் அந்தச் சுவருக்கு முன்னால் வந்ததும் தொப்பியைச் சற்றே மேலே தள்ளிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். பிறகு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வெர்லீனைத் திரும்பிப் பார்க்காமல், சுவரிடம் பேசுவதுபோல, "இந்தத் தடிச்ச புழுவுக்கு எதப் போடலாம்னு யோசிக்கிறேன்" என்பார்கள். அவளும் தலையைத் தூக்காமல், "ரெண்டாவது வரிசை, இடது பக்கம்" என்பாள். அவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல எடுத்துவந்து நீட்டுவார்கள். கேட்டதாக ஒருவருக்கும் இல்லை, சொன்னதாக அவளுக்கும் இல்லை. அலபாமாவின் அந்த மூலையில் ஓர் ஆண் பெண்ணிடம் முள் கேட்பதற்கு அதுவே வழி.

வெர்லீன் அறுபதைத் தொட்டவள். பாதி ஆயுளைக் காலுறை ஆலையில், விரல்முனை தைக்கும் இயந்திரத்தின் முன்னால் கழித்தவள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூல் கண்ணிகளை ஊசி ஊசியாக மாட்டுகிற வேலை அது. ஆலை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது அந்த விரல்கள்தாம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சமையலறை மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கணவன் ராய்ஸின் தூண்டில் கம்புகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் முள் கட்டிப் புழு கோத்து வைப்பாள். ரப்பர் புழு என்றுதான் அங்கே சொல்வார்கள். தொட்டால் நெளியும் பிளாஸ்டிக். ராய்ஸ் சரளைக்கல் லாரி ஓட்டுகிறவன். அந்த நேரத்தில் முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருப்பான்.

முள் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் அவசரம் ஆகாது. தடித்த புழுவுக்கு வாய் அகன்ற முள் வேண்டும். மீன் கவ்வும்போது புழு நசுங்கி முள்ளின் வளைவுக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். அதையும் மீறி முனை வெளியே வர இடம் இருக்க வேண்டும். மெல்லிய புழுவுக்குக் குறுகிய வாயே போதும். புதருக்குள் போடுவதென்றால் தடித்த கம்பி. தெளிந்த தண்ணீரில், குளிரில் சோம்பிக் கிடக்கும் மீனுக்கு மெல்லிய கம்பி. அது லேசாக இழுத்தாலே ஏறிவிடும். இவ்வளவுதான். வெர்லீன் இத்துடன் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். முள்ளுக்கு மறுமுனையில் இருக்கும் ஆள்.

ராய்ஸ் மீன் கடித்த கணத்தில், புல்வெட்டும் இயந்திரத்தைக் கயிறு இழுத்துக் கிளப்புகிறவனைப் போல இரண்டு கையாலும் கம்பை முதுகுக்குப் பின்னால் இழுப்பான். அவன் அப்பா அப்படி இழுத்தார், அதனால் அவனும் இழுத்தான். மீனின் கண் ரெண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி இழுக்க வேண்டும் என்பது படகுத்துறையில் ஆண்களின் பேச்சு. தடித்த முள்ளென்றால் அது தாங்கும். மெல்லிய முள் ராய்ஸிடம் ஒரு கடிக்கு மேல் நிற்காது, நிமிர்ந்துவிடும். அதனால் குளிர்நாட்களில் மெல்லிய முள் கட்டிய பிறகு, வெர்லீன் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் அவனுடைய ரீலில், நரம்பை இறுக்கும் திருகை அரைச் சுற்று தளர்த்திவைப்பாள். அவன் எவ்வளவு வெறியோடு இழுத்தாலும் நரம்பு கொஞ்சம் நழுவிக்கொடுக்கும். இழுப்பின் பாதி பலம் காற்றில் போகும், மீதிப் பாதி முள்ளுக்குச் சரியாக இருக்கும். அவனுக்கு இது தெரியாது. கல்யாணமான முதல் வருடமும் தெரியாது, கடைசிவரை தெரியவில்லை.

படகுத்துறை வாசலுக்கு மேல் ஒரு செடார் பலகை உண்டு. நவம்பர் மாதம் நடக்கும் ஜோடிப் போட்டியில் வென்றவர்களின் பெயர்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதில் பொறிப்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு படகில் போக வேண்டும். அது புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண் முன்னால் நின்று படகைச் செலுத்துவான், அவன் வீசி முடித்த தண்ணீரில் பின்னால் இருப்பவள் வீசுவாள். அவன் மீன் பிடித்தால் அவள் வலையை நீட்டுவாள். ராய்ஸ், வெர்லீன் என்று அந்தப் பலகையில் பல வருடங்கள் இருந்தன.

ராய்ஸ் அவளை விட்டுவிட்டு டோன்யாவிடம் போனான். போகும்போது படகை எடுத்துக்கொண்டான். ஏரியடியில் வெர்லீன் இறக்கிய மரங்களும் அவனோடு போயின. கிறிஸ்துமஸ் முடிந்து ஊரார் வீதியில் எறியும் மரங்களை, ஒவ்வொரு ஜனவரியிலும் தம்பி ஹாலிஸின் பிக்கப்பில் பொறுக்கிவந்து, அடியில் சிமென்ட் கல்லைக் கட்டி, ஆளில்லாத நேரம் பார்த்து ஏரியில் இறக்குவாள். கிளைக்குள் சின்ன மீன் சேரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். எந்த மரம் எங்கே கிடக்கிறது என்பது படகிலிருந்த ஆழம்காட்டியில் பதிந்திருந்தது. பதிந்தது படகோடு போயிற்று.

ஊர்ப் பெண்கள் "பாவம் வெர்லீன், கர்த்தர் அவள ஆசீர்வதிக்கட்டும்" என்றார்கள். அந்த ஊரில் அந்த வார்த்தையை யார் மேல் சொல்கிறார்களோ அவர்கள் தலைகுனிந்து நடக்க வேண்டும் என்று அர்த்தம். அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது வேறு. ஒரு காலை லூவின் சாப்பாட்டுக் கடையில் பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் அதன் மேல் ஊற்றும் குழம்பும் பொட்டலம் வாங்க நின்றிருந்தாள். ஜன்னலோர மேசையில் ராய்ஸ் நாலு பேரோடு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவர்களில் ஒருவன் பலகைப் பெயர்களைப் பற்றிக் கேட்டான்.

"வெர்லீனா?" என்றான் ராய்ஸ். "நல்ல பொம்பளதான். வலைய நல்லாப் பிடிப்பா. மீன நான் பிடிச்சேன்."

மேசை சிரித்தது. அவள் சூடான பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். குழம்பு ஊறிக் காகிதம் நனைந்து சட்டையில் படர்ந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தாள்.

வரப்போகிற நாட்களை எடுத்துக்கொண்டு போகிறவனை மன்னிக்கலாம். அவை எப்படியும் கையில் இல்லாதவை. நடந்து முடிந்த நாட்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறவனை என்ன செய்வது? அன்றிலிருந்து வெர்லீன் ஒன்றே ஒன்றுதான் விரும்பினாள். நவம்பர் போட்டியில், ஊர் முழுக்க மீனை எடைபோடும் தராசைச் சுற்றி நிற்கும்போது, ராய்ஸ் வெறுங்கையோடு வர வேண்டும். அவளில்லாமல் அவன் யார் என்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

ஹாலிஸைத் தன்னோடு போட்டிக்கு வரச் சொன்னாள். ஹாலிஸுக்கு ஒரு காது கேட்காது. அவனிடம் இருந்தது பழைய அலுமினியப் படகு.

"ஜெயிக்கவா, இல்ல அவன் தோக்கறதப் பாக்கவா?" என்று கேட்டான்.

"ரெண்டும்தான்."

"ஒரு படகுல ரெண்டு ஏறுமா பாரு" என்றான் ஹாலிஸ்.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் டோன்யா கடைக்கு வந்தாள். பக்கத்து ஊர்ப் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள், ஐம்பதை நெருங்குகிறவள். நகத்தில் ஆரஞ்சு வண்ணம். கையில் ஒரு பை தடித்த ரப்பர் புழு. அவள் ஆண்களைப் போல் சுவருக்குப் போகவில்லை. நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

"மிஸ் வெர்லீன், நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்."

"ராய்ஸ் முள்ளு வாங்கிட்டு வரச் சொன்னாரு. அவரு எப்பவும் போடறதாம்."

"எப்பவும் போடறது எது?"

"நானும் அதான் கேட்டேன். கடையில கேளு, தெரியும்னாரு." டோன்யா புழுப் பையைக் கல்லாவில் வைத்தாள். "கடையில நீங்க இருப்பீங்கன்னு சொல்லல. வண்டிய நிறுத்தினப்புறம்தான் உங்க காரப் பாத்தேன். திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சேன்."

"ஏன் போகல?"

"முள்ளு இல்லாமப் போனா சாயங்காலம் பூரா அவர் மூஞ்சியப் பாத்துட்டு உட்காந்திருக்கணுமே."

வெர்லீனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். அந்த மூஞ்சி அவளுக்குத் தெரியும்.

எழுந்து சுவரிடம் போனாள். கை முதலில் தொட்டது குறுகிய வாய் முள்ளை. கம்பி தடிமன், பொட்டலத்தில் பாயும் மீனின் படம், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். இந்தத் தடித்த புழுவை அதில் கோத்தால் வளைவு முழுக்க ரப்பர் அடைத்துக்கொள்ளும், முனை வெளியே வராது. நாள் முழுக்க மீன் கடிக்கும், ஒன்றுகூட மாட்டாது. பொட்டலத்தை ஆணியிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்ப மாட்டினாள்.

நல்ல குணத்தால் மாட்டவில்லை. புழுவையும் முள்ளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த எவனும் அது பிசகு என்று சொல்லிவிடுவான். வெர்லீனுக்கு முள் தெரியாது என்று ராய்ஸ் சொல்ல, அவளே கையில் ஆதாரம் எடுத்துக் கொடுத்ததாகும். பொய் வேலைக்கு ஆகாது. உண்மைதான் வேண்டும்.

"சனிக்கிழமைக்கு இந்தப் புழு ஆகாது" என்றாள். "நாளைக்கு வடக்கேருந்து குளிர் இறங்குது. தண்ணி கண்ணாடியாத் தெளிஞ்சிடும். மீனு பெரிசா எதையும் தொடாது. இந்த மெல்லிசுப் பச்சப் புழு எடுத்துக்கோங்க. அதுக்கு இந்த முள்ளு."

டோன்யா முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது தலைமுடி மாதிரி இருக்கே."

"மெல்லிசா இருந்தாத்தான் சுலபமா ஏறும். ராய்ஸ்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நான் குடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு."

அத்தனையும் உண்மை.

"புழுவ எப்படிக் கோக்கறதுன்னு காட்டறீங்களா? அவரு கத்துக்குடுக்கறப்ப கத்தறாரு."

வெர்லீன் காட்டினாள். அரைகுறையாகக் காட்ட அவள் விரல்களுக்கு வராது. "தலையில கொஞ்சூண்டு குத்துங்க. வெளிய எடுங்க. இப்ப திருப்புங்க. முள்ளப் புழு மேல வச்சுப் பாருங்க, வளைவு எங்க வந்து நிக்குதோ அங்க முனைய உள்ள விடுங்க. புழு நேராப் படுக்கணும். கோணலா இருந்தா தண்ணிக்குள்ள சுத்தி நரம்ப முறுக்கிடும்."

டோன்யா மூன்றாம் முறை சரியாகக் கோத்தாள். முகம் மலர்ந்தது. "மீனு கடிச்சா என்ன பண்ணணும்?"

மெல்லிய முள்ளுக்கு இழுக்கவே கூடாது, சும்மா சுற்றினாலே போதும் என்று ஒரு வாக்கியம். ராய்ஸின் ரீலை அரைச் சுற்று தளர்த்துங்கள் என்று இன்னொன்று. இரண்டும் நாக்கில் இருந்தன.

"அது ராய்ஸுக்குத் தெரியும்" என்றாள் வெர்லீன். "அவரக் கேளுங்க."

சனிக்கிழமை காலையில் படகுத்துறைப் பலகைகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஹாலிஸ் சாசேஜ் டப்பாக்களையும் உப்பு பிஸ்கட்டையும் காலடியில் வைத்துக்கொண்டான். முன்னால் யார் உட்காருவது என்று பேச்சே எழவில்லை. அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். துறையில் நின்ற ஒருவன், "ஹாலிஸ், வலை பத்திரம்!" என்று கத்தினான். ஹாலிஸுக்குக் கேட்கவில்லை, கையசைத்தான்.

வெர்லீன் எங்கே போவாள் என்பதில் சந்தேகமே இல்லை. ராய்ஸ் எங்கே போவானோ அங்கே. பழைய பாலத் தூணுக்கு அருகில் அவள் இறக்கிய முதல் மரம் கிடந்தது. அவனுடைய பளபளக்கும் படகு அதன் மேலேயே நின்றது. முன்னால் ராய்ஸ், கையில் துடைப்பக்கட்டை மாதிரித் தடித்த கம்பு. மெல்லிய வளையும் கம்பை அங்கே ஆண்கள் தேவதைக் கோல் என்று கேலி செய்வார்கள். அப்படி ஒன்றை டோன்யாவிடம் கொடுத்துப் பின்னால் உட்காரவைத்திருந்தான். விதி அனுமதிக்கும் தூரத்தில் வெர்லீன் படகை நிறுத்தினாள்.

"பாவம் அந்தப் பொண்ணு, நடுங்குது" என்றான் ஹாலிஸ் ஏரி முழுக்கக் கேட்கும்படி.

"மெல்லப் பேசு. நீ யாரு பக்கம்?"

"நான் சாசேஜ் பக்கம்."

அவளுக்கு நன்றாகவே கடித்தது. வெயில் ஏறுவதற்குள் நாலு மீன் தொட்டிக்குள் நீந்தின. ஒரு படகுக்கு ஐந்து மீன்தான் எடைக்குக் கணக்கு. அப்போதுதான் தண்ணீரின் மேல் அந்தச் சத்தம் வந்தது. முக்கல், கம்பு காற்றைக் கிழிக்கும் விசில், பிறகு ஒன்றுமில்லை. நரம்பு தொளதொளவென்று திரும்பி வந்து படகில் விழுந்தது.

"என்னாச்சு?" டோன்யாவின் குரல்.

"பெருசு! முள்ள நிமித்திட்டுப் போயிடுச்சு!"

வெர்லீன் கண்களை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முக்கல், மறுபடி விசில். ராய்ஸ் கெட்ட வார்த்தை சொன்னான். மறுபடியும். ஒவ்வொரு விசிலும் அவளுக்குள் ஒரு முடிச்சை அவிழ்த்தது. அவனைப் பார்க்க உடம்பைத் திருப்பி உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி எறிந்தான், பார்த்தாள். முள்ளை வெளிச்சத்தில் பிடித்து முறைத்தான், பார்த்தாள். அவன் நிற்பது தன் மரத்தின் மேல், கையில் இருப்பது தன் முள், தோற்பது அவனுடைய சொந்தக் கைகளால். இதைவிடச் சுத்தமாக ஒரு பழியை யாரும் செய்திருக்க முடியாது என்று நினைத்தாள்.

"வெர்லீன்!" ஹாலிஸ் கத்தினான். "உன் நரம்பு!"

அவளுடைய நரம்பு பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கடித்தது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, தெரியவில்லை. சுற்றத் தொடங்கியபோது மீன் கிளைக்குள் போய்விட்டது. ஒரு முறை கனமாகத் தலையை ஆட்டியது. கிளையில் உரசி நரம்பு அறுந்தது.

"அது பெருசு" என்றான் ஹாலிஸ்.

"தெரியும்."

"நீ அங்க பாத்துட்டிருந்த."

அவள் புதிய முள்ளைக் கட்டினாள். அவன் கண்ணில் படாத வேறு வளைவுக்குப் படகைத் திருப்பினாள். மதியத்துக்கு மேல் ஐந்தாவதாக ஒரு சின்ன மீன் கிடைத்தது.

தராசுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்றவன் டெல்பர்ட். டயர் கடைக்காரன், வாய் ஓயாதவன். வெர்லீன், ஹாலிஸ் எடைதான் அதுவரை முதலிடம்.

"ஹாலிஸ், எதுல கடிச்சுது?"

"சாசேஜ்ல" என்றான் ஹாலிஸ். கூட்டம் ரசித்தது. மேடையில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. எதில் கடித்தது என்று கேட்டால் ஒரு புளுகு சொல்ல வேண்டும், எல்லோரும் அது புளுகு என்று தெரிந்து சிரிக்க வேண்டும். அது அங்கத்திய மரியாதை.

கடைசியாக ராய்ஸ் வந்தான். வெர்லீன் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அவன் கையில் பை கனத்துத் தொங்கியது. பைக்குள்ளிருந்து ஐந்து மீன் தராசுக்கு வந்தன. டெல்பர்ட் எடையைச் சொன்னான். வெர்லீனின் எடையைவிட ஒரு சாசேஜ் டப்பா அளவு அதிகம்.

"ராய்ஸ்! மறுபடியும் நீதானா! எதுல கடிச்சுது?"

"செவப்புத் தவள, டெல்பர்ட்" என்றான் ராய்ஸ், ஒலிவாங்கியைப் பார்க்காமல்.

"இல்லையே ராய்ஸ்" என்றாள் டோன்யா. "அந்த மெல்லிசுப் பச்சப் புழுதானே?"

கூட்டம் ஒரு கணம் விழித்தது. அவளுக்கு அந்த மரியாதை தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டெல்பர்ட் சும்மா இருப்பானா? ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோனான்.

"அப்படியா மேடம்? ராய்ஸ் எப்படிப் பிடிச்சாரு, சொல்லுங்க."

"அவரு பிடிச்சது ஒண்ணும் வரலங்க. எல்லாம் முள்ள நிமித்திட்டுப் போயிடுச்சு. படகுல எறிஞ்சுட்டே இருந்தாரு, கால்ல குத்துமேன்னு நான் பொறுக்கி வச்சேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி முட்களை எடுத்து டெல்பர்ட்டின் உள்ளங்கையில் கொட்டினாள். அத்தனையும் ஊசிபோல் நேராக நிமிர்ந்திருந்தன.

"ராய்ஸ், இத வச்சுக் கோட்டுதான் தைக்கலாம்" என்றான் டெல்பர்ட். "அப்ப இந்த அஞ்சு?"

"நான்தான். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கெளயில மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு மெதுவாச் சுத்தினேன். கெள கூடவே வந்துச்சு. மிஸ் வெர்லீன்தான் முள்ளு பாத்துக் குடுத்தாங்க, புழு கோக்கவும் அவங்கதான் காட்டினாங்க. அந்த மரமெல்லாங்கூட அவங்க போட்டதாமே? ராய்ஸ்தான் சொன்னாரு."

தலைகள் வெர்லீன் பக்கம் திரும்பின. பின்னாலிருந்து ஒருவன், லூவின் கடை மேசையில் உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருவன்தான், கைகளை வாய்க்குக் குவித்துக் கேட்டான்: "அப்ப வலைய யாரு பிடிச்சா?"

"ராய்ஸ்தான்!" என்றாள் டோன்யா பெருமையாக. "நல்லாப் பிடிப்பாரு."

சிரிப்பு படகுத்துறைத் தகரக்கூரையில் மோதித் திரும்பியது. ராய்ஸின் கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு நெற்றி. வெர்லீன் இந்தக் காட்சியைத்தான் விரும்பியிருந்தாள். இதைவிடப் பெரிதாகவே கிடைத்துவிட்டது. ஆனாலும் அது வேறு யாருக்கோ வந்த பண்டம் தவறி அவள் வாசலில் இறங்கியதுபோல் இருந்தது.

அதோடும் நிற்கவில்லை. பாஸ்டரின் மனைவி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "உன் எடத்துல இருக்கறவளுக்கு நீயே முள்ளு எடுத்துக் குடுத்திருக்க! எவ்வளவு பெரிய மனசு வெர்லீன் உனக்கு!" ஆட்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் பகைவரை நேசிப்பதைப் பற்றிப் பேசும்போது அவள் பெயரைச் சொன்னார். அந்தப் பாராட்டுக்கு அவள் தகுதியானவள் அல்ல. அதை எழுந்து மறுக்கும் நேர்மையும் அன்றைக்கு அவளிடம் இல்லை. பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழி வாங்கியவளுக்கு அதைப் பழி என்று அடையாளம் காண ஒரு ஆளாவது வேண்டியிருக்கிறது.

"இப்ப சந்தோஷமா?" என்று ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் ஹாலிஸ் கேட்டான்.

"அவ சொன்னா. நான் சொல்லல."

"யாரு சொன்னா என்ன? ஊருக்குத் தெரிஞ்சுதுல்ல?"

"பலகையில அவன் பேருதான் ஏறப்போகுது" என்றாள். ஆனால் அவளை அரித்தது அதுவும் அல்ல.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் கடைக்கதவு மணி அடித்தது. ராய்ஸ். தனியாக வந்திருந்தான். கையில் ஒரு பை தடித்த ரப்பர் புழு. கல்லாவில் அவளை நேருக்கு நேராகப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிப் பார்த்தது அபூர்வம்.

"வேணும்னே பண்ணின" என்றான்.

"என்ன சார் பண்ணேன்?"

"சாரா? வெர்லீன், வெளையாடாத. அந்த முள்ளு."

"அதே முள்ளுலதான உங்க வீட்டுக்காரம்மா அஞ்சு மீனு பிடிச்சாங்க."

அந்த இடத்தைத் தாண்ட ராய்ஸால் முடியவில்லை. இரண்டு நாளாக அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டிருந்திருப்பான் போலத் தெரிந்தது.

"நீ முன்னாடியும் அதே முள்ளக் கட்டிக் குடுத்திருக்க. அப்பெல்லாம் நிமிரல. எனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப நீ வேற என்னமோ பண்ணியிருக்க." குரல் தாழ்ந்தது. "என்ன பண்ணுவ?"

வெர்லீனின் நெஞ்சுக்குள் சனிக்கிழமையிலிருந்து காலியாகக் கிடந்த இடம் அப்போது நிரம்பியது. ஊர் அவளை நல்லவள் என்றது. இவன் ஒருவன்தான் அவளைச் சரியாகப் படித்துவிட்டு வந்து நிற்கிறான். இவனுக்கு ஒரு அரைச் சுற்றுதான் தெரியாது. சொன்னால் ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

"முன்னாடி உட்கார்றவரு நீங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியாததா?"

"வெர்லீன்."

"முள்ளு வேணும்னா சுவத்துல இருக்கு சார். பாத்து எடுத்துக்கோங்க. நான் சாப்பிடணும்."

அவன் சுவருக்குப் போனான். தொப்பியை மேலே தள்ளினான். வெர்லீன் சாசேஜ் டப்பாவின் மூடியை உரித்து, உப்பு பிஸ்கட்டை அடுக்கி, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"இந்தத் தடிச்ச புழுவுக்கு எதப் போடலாம்னு யோசிக்கிறேன்" என்றான் ராய்ஸ், சுவரைப் பார்த்து.

அவள் மென்றாள்.

ஒரு பொட்டலத்தை எடுத்தான், வைத்தான். கீழ்வரிசைக்குக் குனிந்தான், மேல்வரிசைக்கு எக்கினான். வெளியே அவனுடைய பிக்கப்பில் ஹாரன் அடித்தது. டோன்யா வண்டியில்தான் இருந்தாள், அவன்தான் உள்ளே வர வேண்டாம் என்றிருப்பான். "இருடி, வரேன்" என்று அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னான். பிடரியில் வேர்வை மினுங்கியது. பாதி உலகம் அவன் முன்னால் ஆணியில் தொங்கியது, அதில் எது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெர்லீன் இரண்டாவது டப்பாவையும் திறந்தாள். வழக்கமாக ஒன்றுதான் சாப்பிடுவாள்.

கடைசியில் அவன் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவில் போட்டான். பாயும் மீன் படம் போட்ட பொட்டலம். தடித்த கம்பி, குறுகிய வாய். வியாழக்கிழமை அவள் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டியது.

"இது சரிதான?" என்றான். சுவரிடம் அல்ல, அவளிடமே கேட்டான்.

வெர்லீன் விரல்களைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். தடித்த புழுவையும் பார்த்தாள். இரண்டையும் ஒரே பைக்குள் அருகருகே வைத்து, வாயை மடித்து, அவன் பக்கம் தள்ளினாள்.

"ரொம்ப நல்லாருக்கு பாக்கறதுக்கு" என்றாள்.